பாட்டனும் பேரனும் ஒரே தலைப்பில்: டர்பன் நூலகம் ஒன்றில் பெயர்த் தலைப்புகளைப் பொருத்திய வரலாறு

டர்பனில், தமிழ் நூல்களையும் தென்னாப்பிரிக்க இந்தியர் வெளியிட்ட சிறு பிரசுரங்களையும் பாதுகாத்துவரும் ஒரு சிறிய நூலகத்தில், பட்டியலாக்க விதிகள் மாறியபோது பழைய பெயர்த் தலைப்புகளைப் புதிய விதிக்குப் பொருத்தும் பணி என் பொறுப்பில் வந்தது. அப்பணியில் நிகழ்ந்த ஒரு தவறான இணைப்பு, அதன் காரணம், அதைக் கண்டறிந்த விதம், பிரித்த விதம் ஆகியவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். தொடர்புடைய குடும்பங்கள் இன்றும் இந்த ஊரில் வாழ்வதால் எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துக்காட்டும் பெயர்களையும் ஆண்டுகளையும் மாற்றியிருக்கிறேன். சிக்கலின் தன்மையை மாற்றவில்லை.

நூலகப் பட்டியலில் ஓர் ஆசிரியரைக் குறிக்கத் தேர்ந்தெடுத்த பெயர் வடிவமே பெயர்த் தலைப்பு. அதற்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒருவர் எழுதியவை அனைத்தும், அவர் எத்தனை விதமாகக் கையெழுத்திட்டிருந்தாலும், ஓரிடத்தில் திரள வேண்டும். ஒரே பெயருடைய இருவர் ஒருபோதும் ஒருவராகிவிடக் கூடாது. இவ்விரண்டுக்காகத்தான் நூலகங்கள் அதாரிட்டி கோப்பு என்ற தனிக் கோப்பை வைத்திருக்கின்றன: அதில் ஒவ்வொருவருக்கும் ஏற்றுக்கொண்ட வடிவம் பதிவின் 100 என்று எண்ணிட்ட பகுதியில், அதாவது 100 என்ற புலத்திலும், ஏற்காத மாற்று வடிவங்கள் 400 என்ற புலத்திலும், அவற்றுக்கான ஆதாரம் 670 என்ற புலத்திலும் பதிவாகும். புதிய விதிநூல் தலைப்பு என்ற சொல்லைக் கைவிட்டு அணுகுமுனை என்கிறது. பழகிய சொல் என்பதால் நான் தலைப்பு என்றே எழுதுகிறேன்.

1978இல் வெளியான ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு ஒரு தலைமுறைக்கும் மேலாக ஆங்கில வழி நூலகங்களை ஆண்டது. 2010இல் ஆர்.டி.ஏ. என்ற புதிய விதித்தொகுப்பு வந்தது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013 மார்ச் 31 முதல் முழுமையாக அதற்கு மாறியது. பெயர்களைப் பொறுத்தவரை மாற்றம் மேலோட்டமாகச் சிறியதாகவே தெரிந்தது. சுருக்கங்கள் விரிக்கப்பட்டன. துறை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் முழுச்சொல்லானது. அதனால் 1961இல் உருவான தென்னாப்பிரிக்க இந்தியர் விவகாரத் துறையின் தலைப்பு நீண்டது, வேறொன்றும் நேரவில்லை. பைபிளின் தலைப்புகளிலிருந்து பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற சுருக்கங்கள் நீங்கின. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு முன்பு பி என்ற ஆங்கில எழுத்தையும், இறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு டி என்ற எழுத்தையும் ஆண்டின் முன் இடுவது வழக்கம். இப்போது அந்த எழுத்துகள் போய், பிறந்த ஆண்டின் பின்னோ இறந்த ஆண்டின் முன்னோ ஒரு சிறுகோடு மட்டும் நின்றது. இந்தச் சிறுகோடுதான் எங்கள் கதை.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பெயர்க் கோப்பு இரண்டு கட்டங்களாக மாற்றப்பட்டது. 2012இல், மனிதர் ஒருவர் பார்த்துத் திருத்தாமல் புதிய விதியில் பயன்படுத்தக் கூடாது என்று கருதப்பட்ட 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் எச்சரிக்கைக் குறிப்பு இடப்பட்டது. 2013 மார்ச்சில் ஏறத்தாழ 3 லட்சத்து 70 ஆயிரம் பதிவுகளை இயந்திரமே திருத்தியது. எதை இயந்திரத்திடம் விடலாம், எதை விடக் கூடாது என்று முதலிலேயே பிரித்துக்கொண்ட அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். நாங்கள் அந்தப் பிரிப்பைச் செய்யாமல் வேலையைத் தொடங்கினோம். பிழை அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது.

எங்கள் பட்டியல் பல கைகள் பட்டது. தொடக்கக் கார்டுகள் 1978க்கு முந்தைய விதிகளில் தட்டச்சானவை. பின்பு வந்தவர்கள் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றினார்கள், ஆனால் பழைய கார்டுகளைத் திருத்தவில்லை. அவை கணினியில் ஏறியபோது, தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர்கள் கார்டில் கண்டதைக் கண்டபடி ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் கார்டில் இருந்ததே ஆங்கில எழுத்து வடிவம் மட்டும்தான். பெரிய நூலகங்களோடு பட்டியலைப் பகிரும் ஒரு கூட்டமைப்பில் சேர வேண்டிய நிலை வந்தபோது, தலைப்புகளெல்லாம் ஆர்.டி.ஏ. வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக வந்தது. ஒரு மென்பொருள் நிறுவனம், எங்கள் தலைப்புகளைப் பன்னாட்டுப் பெயர்க் கோப்போடும் ஒன்றோடொன்றும் தானாகப் பொருத்தித் தர முன்வந்தது. நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

டர்பன் அடங்கிய நேட்டால் பகுதித் தமிழர் பெயர்களின் வரலாறு தெரியாமல் இதில் என்ன தவறு என்று உணர முடியாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் கரைசேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. குடும்பப்பெயர் என்ற ஒன்று அவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. இங்கே அது கட்டாயமானபோது, சிலருக்குச் சாதிப் பட்டம் குடும்பப்பெயராயிற்று, சிலருக்குத் தந்தையின் இயற்பெயர் குடும்பப்பெயராயிற்று. முனுசாமியின் மகன் எழுத்தர் ஒருவரின் காதில் விழுந்தபடி மன்சாமி ஆனார். முதலியார் மூட்லி ஆனார். பிள்ளையின் ஆங்கில ஈற்றெழுத்து சென்னையில் ஐ என்றால் இங்கே ஒய். நாயுடு இங்கே இரட்டை ஓ பெற்றார். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப்பெயரோடு பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பழைய விதிநூல் தமிழ்ப் பெயரை அறியாததல்ல. கன்னடம், மலையாளம், தமிழ், தெலுங்குப் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லையென்றால் இயற்பெயரையே முதலில் வைக்க வேண்டும். இயற்பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரும் சில வேளைகளில் தந்தை பெயரும், பின்னால் சாதிப் பெயரும் வரலாம் என்று அது தெளிவாகச் சொன்னது. 1934இல் தமது பட்டியல் விதிநூலைச் சென்னையில் வெளியிட்ட நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரே இதற்கு நல்ல சான்று: முதல் எழுத்து சீர்காழி என்ற ஊர், இரண்டாம் எழுத்து ராமாமிருதம் என்ற தந்தை, ரங்கநாதன் அவர் பெயர். அவர் தலைப்பு ரங்கநாதன் என்று தொடங்குவது குடும்பப்பெயர் என்பதால் அல்ல, இயற்பெயர் என்பதால்.

ஆனால் இந்த விதி இந்தியாவில் இருப்பவருக்குச் சரியாகப் பொருந்துவதுபோல நேட்டாலில் இருப்பவருக்குப் பொருந்தாது. இங்கே குடும்பப்பெயர் வந்துவிட்டது. வந்த விதம் எதுவானாலும் சட்டப்படி அது குடும்பப்பெயரே. அதே மனிதர் தமிழில் எழுதும்போது ஊரும் தந்தை பெயருமாகப் பழைய முறையில் கையெழுத்திடுவார். ஆகவே ஒருவருக்கே இரண்டு விதிகள். 1898இல் ஜோஹனஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்த தில்லையாடி வள்ளியம்மையை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் முறைப்படி தலைப்பு வள்ளியம்மை என்று தொடங்கித் தில்லையாடி பின்னால் வரும். தென்னாப்பிரிக்க ஆங்கில முறைப்படி, தந்தை முனுசாமி முதலியாரின் பட்டமே தலைப்பின் முதல் சொல்லாகிவிடும், அதிலும் முதலியார் என்பதற்கு எத்தனையோ எழுத்துக்கூட்டல். பதினாறு வயதில் மறைந்த ஒரு பெண் அகரவரிசையில் மூன்று இடங்களில் நிற்பாள். அவளாவது புகழ்பெற்றவள், எப்படியும் யாராவது சேர்த்துவிடுவார்கள். ஒரே ஒரு கீர்த்தனைப் புத்தகம் எழுதிய கரும்புத் தோட்டக் கணக்கருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பொருத்தும் வேலை முடிந்து வந்த கோப்பு பார்வைக்கு அழகாக இருந்தது. நூற்றுக்கணக்கான பதிவுகள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றன. சில வாரங்கள் கழித்து, பழைய கீர்த்தனைப் பிரசுரங்களை அடையாளம் காண எங்களுக்கு உதவிவந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் திரையில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவரை ஊரில் எல்லோரும் வாத்தியார் ஐயா என்றே அழைப்பார்கள். பெருமாள் பிள்ளை என்ற தலைப்பின் கீழ் இரண்டு நூல்கள் இருந்தன: ஒன்று சென்னையில் அச்சான முருகன் பதிகம், மற்றொன்று 1962இல் டர்பனில் வெளியான தமிழ்ப் பள்ளி வெள்ளிவிழா மலர்.

“தம்பி, பதினெட்டுல காலமானவரு அறுபத்திரண்டுல எப்படி முன்னுரை எழுதுவாரு?” என்று கேட்டார். “பதிகம் பாடினது பாட்டன். மலர் போட்டது பேரன். பாட்டன் போன வருஷந்தான் பேரன் பிறந்தான். அதனாலேதான் அந்தப் பேரு.”

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். நம் மொழி அறிந்த இந்தச் செய்தியை எங்கள் பொருத்துமுறை அறியவில்லை.

பழைய கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். கார்டில் தவறே இல்லை. ஒன்றில் பிள்ளை, பெருமாள், டி 1918. மற்றொன்றில் பிள்ளை, பெருமாள், பி 1918. தட்டச்சு செய்தவர், யாரென்று இன்று தெரியாது, இருவரையும் ஓர் எழுத்தால் பிரித்து வைத்திருந்தார். புதிய விதிக்கு மாற்றியபோது முதலாவது -1918 ஆயிற்று, இரண்டாவது 1918- ஆயிற்று. அதுவும் விதிப்படி சரியே. கண்ணால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியும். பிழை அதற்கு அடுத்த படியில் நேர்ந்தது.

இரண்டு தலைப்புகளை ஒப்பிடும் முன் கணினி அவற்றை ஒரு பொது வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. எழுத்துகளெல்லாம் பெரிய எழுத்தாகின்றன. மேற்குறிகளும் கீழ்ப்புள்ளிகளும் நீக்கப்படுகின்றன. பெரும்பாலான நிறுத்தக்குறிகள் வெற்றிடமாகின்றன. முன்னும் பின்னும் எஞ்சும் வெற்றிடங்கள் வெட்டப்படுகின்றன. சிறுகோடும் வெற்றிடமாகும் குறிகளில் ஒன்று. ஆகவே -1918 என்பதும் 1918- என்பதும் வெறும் 1918 ஆகிவிட்டன. இறந்தவரும் பிறந்தவரும் கணினியின் பார்வையில் ஓர் எழுத்தும் மாறாமல் ஒன்றாகினர். பழைய விதியில் டி, பி என்ற எழுத்துகள் இருந்தவரை இது நடந்திருக்க முடியாது, ஏனென்றால் எழுத்துகள் நீக்கப்படுவதில்லை. விதி மாற்றம் மட்டும் தனியாக நிகழ்ந்திருந்தாலும் நடந்திருக்காது. இரண்டும் சேர்ந்தபோது நடந்தது.

இந்தப் பொதுவடிவ முறை உண்மையில் எதற்காக வகுக்கப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு கோப்பில் இரண்டு தலைப்புகள் போதிய வேறுபாடு இல்லாமல் மோதிக்கொள்கின்றனவா என்று சோதிப்பதற்காகத்தான் அது வகுக்கப்பட்டது. இரு வடிவங்கள் ஒன்றாக வந்தால் இங்கே மோதல் இருக்கிறது, மனிதர் பார்க்கட்டும் என்று பொருள். இருவரும் ஒருவரே என்று பொருள் இல்லை. எங்களுக்கு வேலை செய்த நிறுவனம் மோதலை ஒற்றுமையாக எடுத்துக்கொண்டது. ஒப்புதல் தந்த நானும் அதைக் கேட்டறியவில்லை.

தமிழுக்கு இந்த முறை வேறொரு வகையிலும் கடுமையானது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் ஒலிபெயர்ப்பில் ன, ண, ந மூன்றும் புள்ளிகளாலும் கோடுகளாலும்தான் வேறுபடுகின்றன. ல, ள, ழ மூன்றும் அப்படியே. குறில் நெடில் வேறுபாடும் மேலே இடும் கோடு ஒன்றே. அவை நீக்கப்பட்டதும் மணி என்பதும் மாணி என்பதும் ஒன்று, வளவன் என்பதும் வழவன் என்பதும் ஒன்று. வேறு சில மொழிகளுக்கு இது சிறு இழப்பாக இருக்கலாம். நமக்கு எழுத்தே போய்விடுகிறது.

இணைந்த பதிவைப் பிரிப்பது, பிரிந்தவற்றை இணைப்பதைவிடப் பன்மடங்கு கடினம். இரண்டு தலைப்புகள் ஒன்றானதும் நூற்பதிவுகள் அனைத்திலும் ஒரே வடிவம் எழுதப்பட்டுவிடுகிறது. எது எவருடையது என்ற தடயம் அழிகிறது. கார்டு அலமாரியை இடநெருக்கடி காரணமாக அப்புறப்படுத்தச் சொன்னபோது மறுத்து வைத்திருந்த ஒரு சகப் பணியாளருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கார்டுகள் இல்லையென்றால் இரண்டு ஆண்டுக் குறிப்புகளும் எங்கிருந்து வந்தன என்பதே தெரிந்திருக்காது.

கார்டு கொடுத்தது தொடக்கம் மட்டுமே. நூல்களையே எடுத்துத் திறந்தபோதுதான் பட்டியலாக்கத்தில் எவ்வளவு விட்டுவிட்டோம் என்று புரிந்தது. அந்தக் காலத் தமிழ் முகப்புப் பக்கம் இன்றைய முகப்பைப் போன்றதல்ல. நேட்டால் டர்பனில் வசிக்கும், இன்ன தாலுகா இன்ன கிராமம், இன்னார் குமாரர் இன்னாரால் இயற்றப்பட்டு, சென்னை இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று அது ஒரே மூச்சில் சொல்லும். ஊர், தந்தை, வசிப்பிடம், தெய்வம், அச்சுக்கூடம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆங்கிலக் கார்டில் ஏறியது பெயரின் இரண்டு சொல் மட்டும். கப்பல் பதிவேட்டிலும் இதே தந்தை பெயர், இதே தாலுகா, இதே ஊர் கேட்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை மறக்க முடியாது. தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ள அந்த மனிதர் பயன்படுத்திய சொற்களும், அவரை எண்ணாக மாற்றிய பதிவேட்டின் கட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்தின.

பாட்டனின் முகப்புப் பக்கத்திலிருந்த தந்தை பெயரையும் ஊரையும் கொண்டு பதிவேட்டில் தேடியதில் ஒரே ஒருவர்தான் பொருந்தினார். அங்கே எழுதியிருந்த வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணித்தோம். பதிவேட்டு வயது பெரும்பாலும் எழுத்தரின் மதிப்பீடு என்பதால், அதை உறுதியான ஆண்டாக எழுதாமல், ஏறத்தாழ என்பதற்குப் புதிய விதி தரும் முழு ஆங்கிலச் சொல்லை முன்னே இட்டோம். பேரனுக்குக் கல்லறைக் கல்லிலிருந்து இறந்த ஆண்டு கிடைத்தது. இப்போது ஒருவரின் தலைப்பில் தோராயப் பிறப்பும் 1918 என்ற இறப்பும், மற்றவரின் தலைப்பில் 1918 என்ற பிறப்பும் ஒரு முழு இறப்பாண்டும் இருப்பதால், குறிகள் நீங்கினாலும் இவை மறுபடி ஒன்றாகா. முகப்பு வாசகத்தைத் தமிழிலேயே, ஒரு சொல் விடாமல், 670 புலத்தில் எழுதி வைத்தோம். இருவர் பதிவிலும் மற்றவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்ற குறிப்பையும் இட்டோம்.

இதன் பின் முழுக் கோப்பையும் திரும்பப் பெற்று, ஒற்றை ஆண்டு மட்டும் உள்ள தலைப்புகள் அனைத்தையும் கையால் பார்த்தோம். பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது, அதற்கு வெளியே இரண்டு தனித்தனிச் சான்றுகள் வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். தந்தை பெயரும் ஊரும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் அது ஒரு சான்று. பதிவேடு, விழா மலர், கல்லறை, குடும்பத்தாரின் சொல் போன்ற இன்னோரிடத்திலிருந்து வருவது மற்றொரு சான்று. இது வேலையை மிகவும் மெதுவாக்கியது. கூட்டமைப்பு குறித்த காலக்கெடு கடந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

பழைய விதியின் இன்னொரு வழக்கமும் எங்களைத் துன்புறுத்தியது. ஒரே பெயருடையவர்களைப் பிரிக்க ஆண்டோ விரிந்த பெயரோ கிடைக்காவிட்டால், அவர்கள் அனைவருக்கும் ஒரே தலைப்பை வைத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. எஸ். கோவிந்தர் என்ற ஒரு தலைப்பின் கீழ் எங்களிடம் கால்பந்துச் சங்க அறிக்கை, தேவாரத் திரட்டு, தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கணிதப் பாடநூல் ஆகியவை இருந்தன. ஆர்.டி.ஏ. தொழிலையும் தலைப்பில் சேர்த்துப் பிரிக்க அனுமதிக்கிறது. இத்தகைய பொதுப் பதிவுகளைப் புதிதாக ஆக்குவதை லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் நிறுத்திவிட்டது. எனக்குப் புதிய விதியில் மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். ஆசிரியர் என்றும் தொழிற்சங்கத்தார் என்றும் எழுதி அவர்களைத் தனித்தனியே நிற்க வைத்தபோது, ஒரு கூட்டத்திலிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்ததுபோல் இருந்தது.

எதிர்த்திசைச் சிக்கல், அதாவது ஒருவரே பலராகச் சிதறியிருப்பது, எண்ணிக்கையில் அதிகம், ஆனால் சரிசெய்வது எளிது. முனுசாமி முதலியார், வி. எம். மூட்லி, மன்சாமி என மூன்று தலைப்புகளில் கிடந்த ஒரு பாடநூலாசிரியரை ஒரு பள்ளி விழா மலரின் புகைப்படக் குறிப்பு சேர்த்துவைத்தது. ஏற்காத இரு வடிவங்களையும் 400 புலத்தில் வைத்தோம். கூடவே தமிழ் எழுத்து வடிவத்தையும் வைத்தோம். நூலகக் கணினிப் பதிவுகளில் எழுத்துகளைக் குறிக்கப் பயன்பட்ட பழைய மார்க்-8 குறியீட்டுத் தொகுதியில் அரபு, சீனம், சிரிலிக், கிரேக்கம், எபிரேயம் இருந்தும் தமிழ் இல்லாததால், கணினிப் பட்டியல் தொடங்கிய நாள்முதல் எங்கள் நூலாசிரியர்கள் தம் எழுத்தில் தேடப்பட முடியாதவர்களாகவே இருந்தார்கள். யூனிகோடு வந்தபின்பும் யாரும் அதைச் சேர்க்கவில்லை. இப்போது முதலியார் என்று தமிழில் தட்டினால் மூட்லி வருகிறார்.

தீராமல் நிற்பவையும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை பெண்களின் பெயர்கள். ஒரு மாதர் சங்கம் வெளியிட்ட சமையல் குறிப்பு நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் திருமதி வி. கோவிந்தர் என்று இருக்கிறது. வி என்பது கணவரின் முதலெழுத்து. கணவர் பெயரால் மட்டுமே அறியப்படும் பெண்ணுக்குத் திருமதி என்ற சொல்லைத் தலைப்பில் சேர்க்க வேண்டும் என்று பழைய விதியும் சொன்னது, புதிய விதியும் சொல்கிறது. தானாகப் பொருத்திய கோப்பு அந்தச் சொல்லைப் பொருட்படுத்தாமல் அவரை வி. கோவிந்தர் என்ற ஆணின் பதிவோடு சேர்த்திருந்தது, பிரித்துவிட்டோம். அவரது சொந்தப் பெயர் முகப்பிலும் இல்லை, முன்னுரையிலும் இல்லை. வாத்தியார் ஐயாவுக்கு அந்த அம்மாளை நினைவிருக்கிறது. சங்கத்தில் எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்களாம். பெரியக்கா என்பதை 400 புலத்தில் எழுதினோம், ஆதாரமாக வாத்தியாரின் சொல்லையும் தேதியையும் குறித்தோம். சட்னிக் குறிப்புகளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் அளவுகளைத் திருத்தியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடிய பேத்தி ஒருவர் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருப்பதாக வாத்தியார் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்க்கப் போகும்போது அந்த நூலையும் எடுத்துச் செல்லவிருக்கிறோம்.